இரண்டாவது பிராசஸரும் மஞ்சள் சீட்டும்

அப்துல் கய்யூமுக்கு மறதி என்று யாராவது சொன்னால் அவருக்குக் கோபம் வரும். அந்தக் கோபத்தையும் அரை மணி நேரத்தில் மறந்துவிடுவார் என்பது வேறு விஷயம். இதற்காகத்தான் அவர் சட்டைப்பையில் எப்போதும் ஒரு மஞ்சள் சீட்டுக் கட்டு இருக்கும். மயிலாப்பூரிலிருந்து அடையாறு வரை பதினோரு சின்ன நிறுவனங்களின் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் மனிதர் அவர். சொந்தத் தொழில், ஒற்றை ஆள், ஒரு பழைய ஸ்கூட்டர். எந்த சர்வரில் எதை மாற்றினாலும், என்ன மாற்றினோம் என்று சீட்டில் எழுதி, தேதி போட்டு, கீழே 'அ.க.' என்று கையெழுத்தும் போட்டு, அந்த சர்வர் இருக்கும் இரும்புப் பெட்டியின் கதவில் ஒட்டிவிட்டுத்தான் கிளம்புவார். வேலை முழுதாக முடிந்த பிறகு சீட்டைக் கிழித்துப் போடுவார். கதவில் சீட்டு இருந்தால் வேலை பாக்கி. இல்லையென்றால் எல்லாம் சரி.

"நிக்காஹ் அன்னைக்கே உங்க நெத்தியில ஒண்ணு ஒட்டியிருக்கணும்" என்று அவர் மனைவி ஜமீலுன்னிசா உருதுவில் கேலி செய்வாள். ராயப்பேட்டையில் அவர்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவு முழுக்கச் சீட்டுதான்.

இந்தச் சீட்டு முறையில் அவருக்கு ஒரு பெருமை உண்டு. பெருமை என்றால் சின்னப் பெருமை இல்லை. பெரிய கம்பெனிக்காரர்கள் கம்ப்யூட்டரில் எழுதி வைத்துத் தொலைப்பதை நான் காகிதத்தில் எழுதிக் காப்பாற்றுகிறேன் என்பார். இருபது வருஷம் அது அவரைக் கைவிடவும் இல்லை. கைவிட்ட அன்று, கைவிட்டது என்று அவருக்கு எட்டு வருஷம் தெரியாமல் போயிற்று. அதில் அடிபட்டவள் இன்னொருத்தி என்பதுதான் இப்போது அவர் நெஞ்சில் கிடந்து அறுக்கிறது.

மயிலாப்பூர் லஸ் பக்கத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை லேப். 2017 செப்டம்பரில் அங்கே புது சர்வர் வாங்கினார்கள். இரண்டு பிராசஸர், ஒவ்வொன்றிலும் நான்கு கோர், ஆக உள்ளுக்குள் எட்டு வேலையாட்கள் ஒரே நேரத்தில் உழைக்கக்கூடிய மெஷின். அதை ஓட்டும் லினக்ஸை ஏற்றிவிட்டு கய்யூம் பாய் பட்டனைத் தட்டினார். பாதி தூரம் போய்த் திரை அப்படியே உறைந்தது. மறுபடி தட்டினார், மறுபடி உறைந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் முழுக்க உட்கார்ந்து பார்த்ததில் விஷயம் பிடிபட்டது. முதல் கோர் எழுந்துகொள்கிறது. மற்றவற்றை எழுப்பப் போகும்போது மெஷின் நின்றுவிடுகிறது. விற்ற கம்பெனியைக் கேட்டால், போர்டில் இருக்கும் பயாஸ், அதாவது மெஷினை முதலில் எழுப்பிவிடும் ப்ரோக்ராம், பழசு, புதுசு வர மூன்று நான்கு வாரம் ஆகும் என்றார்கள்.

திங்கட்கிழமை காலை ஆறரைக்கு வெறும் வயிற்றோடு ஜனங்கள் வந்து நிற்பார்கள். எனவே பாய் ஒரு தற்காலிக ஏற்பாடு செய்தார். லினக்ஸ் எழும்போது படிக்கும் தொடக்க வரியில், ஒருவரை மட்டும் எழுப்பினால் போதும் என்று பொருள்படும் ஒரு சின்னச் சொல்லைச் சேர்த்தார். மெஷின் சமர்த்தாக எழுந்தது. எட்டு கவுண்டர் உள்ள பேங்கில் ஒரு கவுண்டரை மட்டும் திறந்து வைத்த மாதிரிதான், ஆனால் கூட்டம் இல்லாதபோது ஒன்று போதும். சீட்டு எழுதினார்: '3.9.17. மத்த கோர் எல்லாம் நிறுத்தி வெச்சிருக்கு. புது பயாஸ் போட்டதும் இந்த வரியை எடுக்கணும். அ.க.' கதவில் ஒட்டினார், வீட்டுக்குப் போனார்.

புது பயாஸ் வந்துவிட்டது என்று கம்பெனிக்காரன் போன் செய்தபோது மாதக் கடைசி. லேபுக்கு வருஷத்தில் ஒரே ஒரு முழு நாள் விடுமுறை, ஆயுத பூஜை. அன்றைக்குத்தான் சர்வரை நிறுத்த முடியும். பாய் பதினோரு மணிக்குப் போனபோது பூஜை முடிந்திருந்தது. லேப் ஆட்கள் காலையிலேயே எல்லா மெஷினையும் ஈரத்துணி போட்டுத் துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்து, சாமந்திச் சரம் சுற்றியிருந்தார்கள். சர்வர் பெட்டியின் கதவு பளபளவென்று இருந்தது. நடுவில் மூன்று பொட்டு. பாய் பூவை நகர்த்திவிட்டுக் கதவைத் திறந்து புது பயாஸை ஏற்றினார். மெஷின் எழும்போது முதல் திரையில் 'பிராசஸர் இரண்டு' என்று காட்டியது. திருப்தியாகத் தலையாட்டினார். கதவை மூடினார். கதவைப் பார்த்தார். சீட்டு இல்லை. ஆகவே வேலை பாக்கி இல்லை. பொரி, கடலை, சுண்டல் எல்லாம் ஒரு கவரில் போட்டுக் கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

அந்த லேபில்தான் காவேரி வேலை பார்த்தாள். நொச்சிக்குப்பத்துப் பெண். அப்பா தேசப்பன் கட்டுமரத்தில் போகிறவர், அம்மா முத்தம்மா மீன் விற்கிறவள். காவேரி எம்.சி.ஏ. படித்து முடித்த கையோடு, லேபை நடத்தும் டாக்டரம்மா அவளைக் கூப்பிட்டு ஒரு ப்ரோக்ராம் எழுதச் சொன்னார். வருகிறவர் பெயரை அடித்தால் என்னென்ன டெஸ்ட், எத்தனை குழாய் என்று அதுவே பார்த்து, குழாயில் ஒட்டும் லேபிளை அடித்துத் தரும் ப்ரோக்ராம். ஐந்து செகண்டில் லேபிள் வரும் என்று சொல்லியிருந்தாள். தேசப்பன் குப்பம் முழுக்க, "எம் பொண்ணு போட்ட ப்ரோக்ராம்லதான் டாக்டரம்மா லேபே ஓடிக்கினு கீது" என்று சொல்லித் திரிந்தாராம்.

செப்டம்பர் ஓடிவிட்டது. அக்டோபரில் ஊரெல்லாம் டெங்கு. பிளேட்லெட் பார்க்க வந்த கூட்டம் தெருவுக்கு வந்துவிட்டது. ஐந்து செகண்ட் லேபிள் இருபது ஆயிற்று, நாற்பது ஆயிற்று. குழந்தைகளைத் தோளில் போட்டுக்கொண்டு தாய்மார்கள் கவுண்டரைத் தட்டினார்கள்.

காவேரி முட்டாள் இல்லை. அவள் சர்வருக்குள் போய்ப் பார்த்திருக்கிறாள். வேறு வேலையாக அங்கே வந்த பாயைப் பிடித்துக் கேட்டாள்.

"பாய், உள்ள பாத்தா சிபியூ ஒண்ணுதான் காட்டுது. எட்டு இருக்கணும்ல? கொஞ்சம் இன்னான்னு பாருங்களேன்."

"ரெண்டு பிராசஸர்மா. என் கண்ணால பாத்தேன், ஸ்டார்ட் ஆவும்போதே காட்டுது."

"அது லினக்ஸ் ஸ்டார்ட் ஆவுறதுக்கு முன்னாடி பாய். லினக்ஸுக்குள்ள..."

"இன்னாமா நீ, நான் ரிச்சி ஸ்ட்ரீட்ல சர்வர் மாட்டும்போது நீ பொறந்தேகூட இருக்க மாட்டே. மெஷின நான் பாத்துக்கறேன். நீ உன் ப்ரோக்ராம பாரு."

அவளிடம் சொன்னபடி மெஷினைப் பார்த்தாரா என்றால் பார்த்தார். போகிற போக்கில் சர்வர் பெட்டியின் கதவைப் பார்த்தார். சீட்டு இல்லை. ஒரே ஒரு கட்டளையை அடித்திருந்தால் பத்து செகண்டில் உண்மை திரைக்கு வந்திருக்கும். அந்தப் பத்து செகண்டை அவர் செலவழிக்கவில்லை. அவருக்கு நேரம் இல்லாமல் இல்லை. ஒரு சின்னப் பெண் சொல்லி நான் பார்ப்பதா என்ற எண்ணம்தான். இன்றைக்கு அதை அவர் மறைப்பதில்லை.

காவேரி தன் ப்ரோக்ராமையே சந்தேகப்பட்டாள். பத்து நாள் சரியாகச் சாப்பிடாமல் அதைப் பிரித்துப் பிரித்து எழுதினாள். நாற்பது முப்பத்தெட்டு ஆயிற்று, அவ்வளவுதான். பிறகு ஒரு காலை, வெறும் வயிற்றோடு ஒன்றரை மணி நேரம் வரிசையில் நின்ற சர்க்கரைக்காரப் பெரியவர் ஒருவர் கவுண்டர் முன்னால் அப்படியே சரிந்து விழுந்தார். நெற்றியில் ரத்தம். அவர் பிழைத்துக்கொண்டார், நெற்றியில் நான்கு தையலோடு போயிற்று. ஆனால் டாக்டரம்மா பயந்துவிட்டார். பாயையும் காவேரியையும் அறைக்கு அழைத்தார்.

"கய்யூம், நீங்க சொல்லுங்க. மெஷின்ல ஏதாவது பிரச்சனையா?"

"மெஷின்ல ஒண்ணும் இல்ல டாக்டர். ப்ரோக்ராம்தான் இழுக்குது."

காவேரி அவரைப் பார்த்தாள். அன்று மதியமே அவளை அனுப்பிவிட்டார்கள். அடுத்த வாரம் வெளிக் கம்பெனி ஒன்றின் ப்ரோக்ராம் வந்தது. அது அவர்கள் மெஷினிலேயே இன்டர்நெட் வழியாக ஓடியது. லேபில் இருந்த சர்வர் பழைய ரிப்போர்ட்டுகளைப் போட்டு வைக்கும் பெட்டியாக மாறியது. ரிப்போர்ட் எடுத்துக் கொடுக்க ஒரு கோர் தாராளம். அதனால் யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

போன ஜூலையில்தான் அந்தப் பழைய சர்வருக்கு ஓய்வு கொடுக்க முடிவானது. ஞாயிறு மதியம் பாய் தனியாக உட்கார்ந்து ரிப்போர்ட்டுகளைப் புது மெஷினுக்கு மாற்றிக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரம் ஆகும் என்று பார்க்கப்போனவர் கண்ணில் அது பட்டது. மொத்தம் எட்டு, வேலையில் ஒன்று, தூக்கத்தில் ஏழு.

முதலில் மெஷின் கெட்டுப்போய்விட்டது என்றுதான் நினைத்தார். தொடக்க வரியைத் திறந்தார். வரியின் கடைசியில் அவர் சேர்த்த சொல் அப்படியே இருந்தது. அந்தக் கோப்பைக் கடைசியாக மாற்றிய தேதி, 3 செப்டம்பர் 2017.

சொல்லை எடுத்துவிட்டு மெஷினை மறுபடி எழுப்பினார். எட்டு பேரும் எழுந்தார்கள். ஒரு உறைதலும் இல்லை. ஒரு மூலையில் காவேரியின் ப்ரோக்ராம் அழிக்கப்படாமல் கிடந்தது. அதை ஓடவிட்டு, அந்த அக்டோபர் மாதத்துக் கூட்டத்தின் பெயர்ப் பட்டியலையே எடுத்து, லேபின் ஆறு கவுண்டரும் ஒரே நேரத்தில் கேட்பது போல் உள்ளே அனுப்பினார். கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்துப் பார்த்தார். நான்கு செகண்ட். இன்னொரு தடவை. நான்கு. ஐந்தாவது தடவை பார்த்தபோதும் நான்குதான். பாய் நாற்காலியில் சாய்ந்து, முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதார்.

மறுநாள் டாக்டரம்மாவிடம் சொன்னார். ஒன்றையும் விடாமல் சொன்னார்.

"அடடா, அப்படியா? பாவம் அந்தப் பொண்ணு" என்றார் டாக்டரம்மா. உண்மையாகவே வருத்தமாகத்தான் சொன்னார். பிறகு, "சரி விடுங்க கய்யூம், நடந்தது நடந்துபோச்சு. புது சர்வர் வியாழக்கிழமைக்குள்ள ரெடியாயிடுமா?" என்று கேட்டார்.

ஆயிடும் என்று சொல்லிவிட்டு வந்தார். திட்டுவார், வேலையைவிட்டு நிறுத்துவார் என்றெல்லாம் நினைத்துப் போனவருக்கு, ஒன்றுமே நடக்காதது தாங்க முடியாமல் இருந்தது.

இனி காவேரியிடம் சொல்ல வேண்டும். அதுதான் முடியவில்லை. அவள் எங்கே இருக்கிறாள் என்பது அவருக்குத் தெரியும். கடற்கரை லூப் ரோடு மீன் அங்காடியில் அம்மாவோடு கடை போட்டிருக்கிறாள். இரண்டு மூன்று முறை பார்த்தும் இருக்கிறார். பார்த்தால் அவளுக்குச் சங்கடமாக இருக்குமே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவர்தான். எவ்வளவு பெருந்தன்மை! இப்போது நினைத்தால் அவருக்கே தன் முகத்தில் துப்பிக்கொள்ளலாம் போல் இருந்தது.

பத்து நாள் போயிற்று. சொல்லி என்ன ஆகப்போகிறது, ஆறின புண்ணைக் கிளறுவானேன் என்று ஒரு நாள் தோன்றும். புண் ஆறியிருக்கிறது என்று உனக்கு யார் சொன்னது என்று மறுநாள் தோன்றும். ஜமீலுன்னிசாவிடம் சொன்னார். அவள் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள். கேட்டு முடித்துவிட்டு, என்னிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது, நானா வேலையைவிட்டுப் போனேன் என்றாள். மறுநாள் காலை ஃபிரிட்ஜ் கதவில், மற்ற எல்லாச் சீட்டுக்கும் மேலே, அவள் கையெழுத்தில் உருதுவில் ஒரு மஞ்சள் சீட்டு இருந்தது. ஒரே ஒரு சொல். காவேரி.

பத்து மணி வாக்கில் அங்காடிக்குப் போனார். முத்தம்மா வெட்டுக் கட்டைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள்.

"வா பாய், இன்னா வேணும்? வஞ்சிரம் கீது, சங்கரா கீது. காலைல வந்த மாலு."

"காவேரியப் பாக்கணும்மா."

காவேரி பக்கத்தில்தான் இருந்தாள். காதில் போன், கையில் ஒரு நீள நோட்டு. அடையாறு, சாஸ்திரி நகர் அடுக்குமாடி வீடுகளிலிருந்து யார் யாருக்கு என்ன மீன், துண்டு போடவா, முழுசாகவா என்று கேட்டு எழுதிக்கொண்டிருந்தாள். போனை வைத்துவிட்டு நிமிர்ந்தவள் அவரை அடையாளம் கண்டுகொண்டாள். முகத்தில் கோபம் எதுவும் இல்லை.

"கய்யூம் பாயா? முடியெல்லாம் வெள்ளையாய்ச்சே! உக்காருங்க."

ஒரு கவிழ்த்த பிளாஸ்டிக் பெட்டிமேல் உட்கார்ந்தார். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. நோட்டைப் பார்த்தார். பக்கம் பக்கமாக அடித்தும் திருத்தியும் எழுதியிருந்தது.

"இத்தினி ஆர்டர் வருதே, கம்ப்யூட்டர்ல ஒரு சின்ன ப்ரோக்ராம் போட்டுக்கலாமேமா? உனக்கு ஒரு நாள் வேல."

அவள் சிரித்தாள். "வோணாம் பாய். நான் போட்டா இழுக்கும்."

விளையாட்டாகத்தான் சொன்னாள். இதற்குப் பதில் அவள் அவர் கன்னத்தில் அறைந்திருக்கலாம். அதற்குமேல் அவரால் தாமதிக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னார். உறைந்த திரை, சேர்த்த சொல், ஆயுத பூஜை, துடைத்த கதவு, இல்லாத சீட்டு. சீட்டைப் பற்றிச் சொல்லும்போது சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

"சீட்டு மேல பழி போடலமா. நீ வந்து கேட்ட. அப்பவாவது நான் பாத்திருக்கணும். பாக்கல. தப்பு என்னுது. உன் ப்ரோக்ராம நான் மறுபடி ஓட்டிப் பாத்தேன். அதே கூட்டம், அதே லிஸ்ட்டு."

காவேரி நோட்டை மூடினாள். "எத்தினி செகண்டு?"

"நாலு."

"நாலா?"

"நாலுதான்மா. அஞ்சு வாட்டி பாத்தேன்."

"நான் அஞ்சுன்னு சொல்லியிருந்தேன் பாய்" என்றாள். குரல் மிக மெதுவாக வந்தது. பேனாவை மூடினாள், திறந்தாள், மறுபடி மூடினாள். முத்தம்மா மீன் வெட்டுவதை நிறுத்திவிட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அன்னிக்கி வீட்டுக்கு வந்தேனா," என்றாள் காவேரி, "நைனா வாசல்லயே நின்னுக்கினு இருந்துச்சு. எவனோ அதுக்குள்ள சொல்லிட்டான். ஒரு பெரியவரு வுழுந்துட்டாராமே, உன் ப்ரோக்ராமாலயான்னு கேட்டுச்சு. நான் ஆமான்னு சொன்னேன். அப்பறம் அது லேப் பேச்சே எடுக்கல. யாராண்டயும் எடுக்கல. நைனா போயி மூணு வருசம் ஆச்சு."

மன்னிச்சிடு என்று சொல்லத்தான் பாய் வந்திருந்தார். ஒரு மாதிரி அதைச் சொல்லியும்விட்டார். அவள் அவர் சட்டைப்பையைப் பார்த்தாள்.

"அந்த மஞ்ச சீட்டு இன்னும் வெச்சினு கீறீங்களா?"

"கீதுமா."

"இப்ப சொன்னத எழுதிக் குடுங்க."

கட்டை எடுத்தார். முழங்காலில் வைத்து எழுதினார். 'காவேரி எழுதிய ப்ரோக்ராம் சரி. தப்பு சர்வரில். சர்வரைப் பார்த்தது நான்.' எப்போதும் போலத் தேதி போட்டு, அ.க. என்று கையெழுத்துப் போட்டார். பிறகு அதை அடித்துவிட்டு முழுப் பெயரையும் எழுதினார். அப்துல் கய்யூம். சீட்டைக் கிழித்து நீட்டினார்.

அவள் கையைப் புடவையில் நன்றாகத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். ஒரு தடவை படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். பிறகு திருப்பி அவரிடமே கொடுத்தாள்.

"தேதி தப்பு பாய்."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இல்லியேமா. இன்னிக்கி..."

"இன்னிக்கி தேதி வோணாம். அன்னிக்கி தேதி போடுங்க. நைனா வாசல்ல நின்ன அன்னிக்கி."

பாய் பேனாவைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். எவ்வளவு யோசித்தும் அந்தத் தேதி அவருக்கு நினைவுக்கு வரவில்லை. எந்தச் சீட்டிலும் அவர் அதை எழுதி வைத்திருக்கவில்லை. தலையை நிமிர்த்தாமல், "என்ன தேதிமா?" என்று கேட்டார்.

"அக்டோபர் இருபத்தாறு" என்றாள் காவேரி. "வியாழக்கிழமை."